தொப்பை பேசினால் வாய் நாறும்!

பர்ஸில் பணம் இல்லாவிட்டாலும் பாக்கெட்டில் புதினா மிட்டாய் வைத்திருக்கும் ஆசாமிகளை ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் கம்பெனி பஸ்களில் நிறையப் பார்க்கிறேன். மணம் பத்து நிமிஷம். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்!

வாய்க்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் தொப்பையைக் கவனிப்பதில்லை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு சார்! 2007-ல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 88 பேரைச் சோதித்தார்கள். எடை கூடியவர்களிடம் வாய் நாற்றமும் கூடியிருந்தது. எடைதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஜோடிப் பொருத்தம் பலம்!

தொப்பை வயிற்றை அழுத்தினால் புளிப்பு எதுக்களிக்கும். கழுத்தில் சதை போட்டால் குறட்டை. வாய் திறந்த தூக்கத்தில் எச்சில் வற்றும். நாக்கின் பின்பக்கம் குடியிருக்கும் கிருமிகளுக்கு அப்போதுதான் கொண்டாட்டம். கந்தக வாயுவைக் கிளப்பிவிடும்!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழக ஆண்களில் நூற்றுக்கு 37 பேர் எடை கூடியவர்கள். ஆகவே கூச்சம் வேண்டாம்.

தினமும் நாக்கை வழியுங்கள், தண்ணீர் குடியுங்கள், நடங்கள். அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். கொழுப்பு எரியும்போது கீட்டோன் வாடை வரும். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் டாக்டரிடம் போங்கள், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

மேலதிகாரி உங்கள் தப்பையெல்லாம் சொல்வார். இதை மட்டும் சொல்லவே மாட்டார்... ரெண்டடி தள்ளி நிற்பார்!