படகின் தோல்

கடற்கரை மணலிலே கவிழ்த்து வைத்த படகின் அடிப்புறத்தை ஒருவர் பொழுதெல்லாம் தேய்த்துக்கொண்டிருக்கக் கண்டால், 'இஃதென்ன வீண் வேலை' என நகைப்போர் உளர். யானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினேன். என்னிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தையார் வடமராட்சிக் கரையிலே தொழில் செய்பவர். மீன்பிடி படகுக்கு இத்துணை அலங்காரம் எதற்கென்று ஒரு மாலை அவரை வினவினேன். "மாஸ்டர், இது அழகுக்கல்ல. படகுக்கு இதுதான் தோல்" என்றார். அன்று ஆசிரியர் அவர், மாணவன் யான்.

கடலில் கிடக்கும் மரத்துக்குப் பகை பல. கப்பற்புழு உள்ளே துளைக்கும்; கொட்டலசும் பாசியும் புறத்தே ஒட்டி ஓட்டத்தைத் தடுக்கும். ஆதலாலன்றோ நம் முன்னோர் மரக்கலங்களுக்கு மீனெண்ணெயும் குங்கிலியமும் பூசினர்! ஆங்கிலக் கடற்படையினர் 1761ஆம் ஆண்டிலே 'அலார்ம்' என்னும் போர்க்கப்பலின் அடியைச் செப்புத் தகட்டாற் போர்த்தனர். புழு அணுகவில்லை. ஆயினும், 1763இல் ஆராய்ந்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரித்துப்போயிருந்தன. தகடு சுற்றிவந்த காகிதம் இடையிலே அகப்பட்டுக் கிடந்த இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. மெல்லிய காகிதம் இரும்பைக் காத்தது!

இன்று நம் கரைகளில் மலிந்திருப்பவை பைபர்கிளாஸ் படகுகள். அவற்றைப் புழு தின்னாது. ஆனால், அவற்றைக் காக்கும் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றரே. வெயிலின் புறஊதாக் கதிர் அதனைச் சுண்ணாம்புபோற் பொடியச் செய்யும். மணலில் இழுக்குந்தோறும் கீறல் விழும். ஆழ்ந்த கீறலின் வழியே நீர் நாரிழைகளுள் ஊறும், படகு கனக்கும். இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளே மரம் இருப்பின், அது உக்கிவிடும்.

கனத்துச் சொரசொரத்த படகை நீர் எதிர்க்கும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை மறந்த கடற்றொழிலாளர் உண்டோ? வீணாகும் ஒவ்வொரு துளியும் பிள்ளைகளின் சோற்றிலிருந்து குறைவதன்றோ?

செய்யவேண்டியது பெரிதன்று. நன்னீராற் கழுவி உலர்த்துக. கீறல்களை அடைத்து, நுண்ணிய அரத்தாளால் அளவோடு தேய்க்க. மிகத் தேய்த்தால் பூச்சே தேய்ந்துவிடும். பின்னர் மெழுகிட்டுத் துணியால் மெருகேற்றுக. எந்நேரமும் நீரிலே மிதக்கும் படகாயின், நீர்மட்டத்தின் கீழ் மெழுகு போதாது. கொட்டலசு ஒட்டாமற் காக்கும் தனிப் பூச்சு வேண்டும்.

இவற்றையெல்லாம் அவர் சொல்லி முடிக்குமுன், என் மாணவன் புத்தகத்தை மூடிவிட்டு மெழுகுத் துணியைக் கையிலெடுத்தான். மறுநாள் அவனுக்குப் பரீட்சை. ஆயினும், அவனைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.