துருப்பிடித்த தோசைக்கல்லும் நம்ம டிப்ளமோவும்



"எடைக்குப் போட்டுடலாம் சாமி" என்று அம்மா எடுத்து வைத்தது எங்கள் அமுச்சியின் தோசைக்கல். அமுச்சி ஆஸ்பத்திரியில் இருந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் திண்ணையோரம் கிடந்து செங்கல் நிறமாகிவிட்டது. அந்தக் கல்லில் தோசை சுட்டு விற்ற காசில்தான் என் முதல் செமஸ்டர் கட்டணம் கட்டினோம். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். "மெக்கானிக்கல் படிக்கறயே கண்ணு, இதைச் சரிபண்ணத் தெரியாதா?" என்றார் அமுச்சி. பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்!

துரு என்பது அழுக்கல்ல. இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் உண்டாகும் இரும்பு ஆக்சைடு. பூமியில் இரும்பு கிடைப்பதே பெரும்பாலும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாதுவாகத்தான். அதை உலையில் கரியோடு சூடாக்கி ஆக்சிஜனைப் பிரிக்கிறோம். ஈரோடு மாவட்டத்தில் நம் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். 1985-இல் தொடங்கிய அகழாய்வில் உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. அப்படிப் பாடுபட்டுப் பிரித்த ஆக்சிஜனோடு இரும்பு மறுபடி போய்ச் சேருவதுதான் துரு! அலுமினியத்தின் ஆக்சைடு இறுக்கமாக ஒட்டிக் காவல் காக்கும். துருவோ உப்பி உதிரும். அடியில் மறுபடி பிடிக்கும்.

இனி செய்முறை.

1. உதிரும் துருவைத் தேங்காய் நாரும் கல்லுப்பும் வைத்துத் தேய்க்கவும். கெட்டியாக இருந்தால் உப்புத்தாள்.

2. புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி அரைமணி நேரம் விடவும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். எலுமிச்சையும் வினிகரும் இதே வேலையைச் செய்யும்.

3. தேய்த்துக் கழுவி, ஆப்பச்சோடா கரைத்த நீரால் மிச்ச அமிலத்தைப் போக்கி, மறுபடி கழுவவும்.

4. உடனே துடைத்து அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைக்கவும். அசந்தால் கண்ணெதிரே மறுபடி துரு படரும்.

5. நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகைய விடவும். மூன்று நான்கு முறை செய்தால் எண்ணெய் இறுகிக் கருப்புப் படலமாகும். "கல்லைப் பழக்கறது" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இதைத்தான்.

எச்சரிக்கை: அமிலம் துருவோடு நிற்காது, இரும்பையும் தின்னும். நான் முதலில் அரிவாள்மனையைப் புளிக்கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு முனையை மழுங்கடித்துவிட்டேன்! ஒர்க்‌ஷாப் ஞாபகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சமையல் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். ஜி.ஐ. வாளிக்குப் புளியும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். காவலாக இருக்கும் துத்தநாகப் பூச்சே போய்விடும். மம்பட்டி, கடப்பாரைக்கு ஈரம் துடைத்து எண்ணெய் தடவி வைத்தாலே போதும்.

கல் கருகருவென்று ஆனதும் அமுச்சியிடம் டார்டாரிக் அமிலம் பற்றி விளக்கினேன். "புளி போட்டுத் தேச்சா போகும்னு எனக்குத் தெரியுமே! ஏன் போகுதுன்னுதான் தெரியாது" என்றார். அந்த 'ஏன்' தெரியத்தானே தோழர்களே, நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்!

மறுநாள் காலை முதல் தோசை எனக்கு. ஒட்டாமல் வந்தது.