கடல் தாண்டும் காசு – 6: கார்டா, ரொக்கமா?

2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. ஸ்பெயின் நேரப்படி நண்பகல் 12.33 மணிக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்சாரம் இழந்தன. மெட்ரோ ரயில்கள் பாதி வழியில் நின்றன. சிக்னல்கள் அணைந்தன. கடைகளில் கார்டு மெஷின்கள் செயலிழந்தன, ஏடிஎம்களும் கைவிட்டன. சட்டைப் பையில் யூரோ நோட்டு வைத்திருந்தவர்களால் தண்ணீரும் ரொட்டியும் வாங்க முடிந்தது. கார்டை மட்டும் நம்பி வந்தவர்கள் கடை வாசலில் காத்து நின்றார்கள். பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பியபோது மறுநாள் அதிகாலை ஆகிவிட்டது.

ரொக்கம்தான் பத்திரம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. லண்டன் பேருந்துகளில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை. பை நிறைய பவுண்டு வைத்திருந்தாலும் ஆய்ஸ்டர் அட்டையோ தொட்டுச் செலுத்தும் வங்கிக் கார்டோ இல்லாமல் ஏற முடியாது. 1661-லேயே ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகளை அச்சிட்ட நாடு ஸ்வீடன். இன்று அங்கே பல கடைகளின் கதவில் ‘ரொக்கம் வாங்குவதில்லை’ என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கிறது.

எனவே, எது நல்லது என்ற கேள்வியை எந்த நாட்டுக்கு என்று சொல்லாமல் கேட்பதில் பொருளில்லை. இந்த வாரம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: எவ்வளவு ரொக்கம், எந்தக் கார்டு என்பதை நம் பழக்கம் தீர்மானிக்கக் கூடாது, போகிற நாடு தீர்மானிக்க வேண்டும். நம் பழக்கம் இப்போது முழுக்க முழுக்க ஜிபே. டீக்கடையிலும் பூக்கடையிலும் போனை நீட்டியே பழகிவிட்டதால், சில்லறை வைத்துக்கொள்ளும் வழக்கமே விட்டுப்போயிற்று. சிங்கப்பூர், இலங்கை, பூட்டான், மொரிஷியஸ் போன்ற சில நாடுகளில் யுபிஐ நுழைந்திருக்கிறது. பாரிஸின் ஈஃபில் கோபுரத்துக்கும் 2024-ல் வந்துவிட்டது. அது கிடைக்கிற இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி விமானம் ஏறக் கூடாது.

ஜப்பான் தரும் பாடம்

புல்லட் ரயில் ஓடும் நாட்டில் கார்டு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. டோக்கியோவின் பெரிய ஹோட்டல்களிலும் அங்காடிகளிலும் போதும். ஒரு சந்துக்குள் இருக்கும் ராமென் கடைக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் டோக்கன் மெஷின் நிற்கும். அதில் பணம் போட்டு, வேண்டியதை அழுத்தி, வரும் சீட்டைச் சமையல்காரரிடம் கொடுக்க வேண்டும். பழைய மெஷின்கள் பலவும் நாணயமும் 1,000 யென் நோட்டும் மட்டுமே விழுங்கும். 2024 ஜூலை 3-ல் ஜப்பான் புதிய நோட்டுகளை வெளியிட்டபோது, மாற்றியமைக்கப்படாத மெஷின்கள் அவற்றையும் துப்பின.

சிற்றூர்ப் பேருந்துகளில் இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்திலிருக்கும் பெட்டியில் சரியான கட்டணத்தைப் போட வேண்டும். 1,000 யென் நோட்டுக்குச் சில்லறை தரும் வசதி பேருந்துக்குள்ளேயே இருக்கும். 10,000 யென் நோட்டை நீட்டினால் திண்டாட்டம்தான். நகர ரயில்களுக்கு ‘சுய்கா’ போன்ற அட்டை மிக வசதியானது, ஆனால் ஸ்டேஷன் மெஷின்களில் அதில் பணம் ஏற்றவே பெரும்பாலும் யென் நோட்டு வேண்டும். சிறு கோயில்களின் நுழைவுக் கட்டணம், பழைய பாணி விடுதிகள், சந்தைக் கடைகள் எல்லாம் இதே கதைதான்.

இதற்காக இங்கிருந்தே கட்டுக்கட்டாக யென் வாங்கிப் போக வேண்டியதில்லை. முதல் இரண்டு நாளுக்குத் தேவையானதை வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் இருக்கும் செவன் இலெவன் கடைகளின் ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கின்றன. அங்கே எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனிக்குப் போகிறவர்களும் இதையே செய்யலாம். அங்கே இன்றும் பல சிறு பேக்கரிகளும் உணவகங்களும் ரொக்கத்தைத்தான் கேட்கின்றன.

பணம் கசியும் இடங்கள்

முதல் கசிவு கார்டு மெஷினின் திரையில் இருக்கிறது. ‘இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா?’ என்று அது கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் நமக்கு மனம் நிம்மதியாகிறது, விரல் அங்கே போகிறது. அந்த மாற்று விகிதத்தை வைப்பது நம் வங்கி அல்ல. கடைக்கான கார்டு சேவையை நடத்தும் நிறுவனம் தன் லாபத்தைச் சேர்த்தே அதை வைக்கிறது. எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரரே அழுத்திவிடப் பார்த்தால், மெஷினை இங்கே கொடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், அங்கும் இதே பதில்தான்.

இரண்டாவது, கிரெடிட் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம். பல கார்டுகளில் இது 3.5 சதவீதம் வரை போகிறது, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால் 3,500-ம் 630-ம் சேர்ந்து 4,130 ரூபாய் கூடுதலாகப் போகும். இந்தக் கட்டணம் குறைவான கார்டுகளும் உண்டு. கிளம்புமுன் உங்கள் கார்டின் கட்டணப் பட்டியலைப் படித்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் ஏடிஎம் பணம் எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டும் உண்டு. அதில் பணம் ஏற்றும் நாளின் விகிதம் அப்படியே நிலைத்துவிடும். போகிற நாட்டின் பணத்தையே ஏற்றினால்தான் இதனால் பயன். டாலர் ஏற்றிய கார்டை யென்னுக்குத் தேய்த்தால் இன்னொரு முறை மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள்.

மூன்றாவது, ஏடிஎம்மில் சிறுகச் சிறுக எடுப்பது. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்குப் பல வங்கிகள் ஒவ்வொரு முறையும் ஒரே கட்டணம் வாங்குகின்றன. அது 220 பாட் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம். 20,000 எடுத்தால் 1.1 சதவீதம்தான்.

கிளம்புமுன்

ரிசர்வ் வங்கி விதிப்படி, பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக எடுத்துப் போகலாம். வாங்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். விமான நிலையக் கவுன்டரில் விகிதம் பொதுவாக மோசமாக இருக்கும், ஊரிலேயே உரிமம் பெற்ற மாற்றகத்தில் வாங்குங்கள். சிறு மதிப்பு நோட்டுகளாகக் கேளுங்கள். கம்போடியா போன்ற நாடுகளில் கிழிந்த, கறைபட்ட டாலரை வாங்க மாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு நோட்டையும் புரட்டிப் பாருங்கள்.

2020 மார்ச் 16-க்குப் பிறகு வழங்கப்பட்ட கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் வையுங்கள். ஓடிபி வரும் சிம் வெளிநாட்டிலும் வேலை செய்யுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு கார்டுகள் வேண்டும். ஒன்று விசா என்றால் மற்றது மாஸ்டர்கார்டாக இருக்கட்டும். அவை ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. அப்போதும் ரொக்கம் தேவைதான். 2022 மார்ச்சில் இவ்விரு நிறுவனங்களும் ரஷ்யாவில் தம் சேவையை நிறுத்தின. வெளிநாட்டில் வாங்கிய அவற்றின் கார்டுகள் ரஷ்யாவுக்குள் இயங்கவில்லை. ரஷ்ய வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டுகளோ வெளிநாடுகளில் இயங்கவில்லை. தாய்லாந்துக்கு விடுமுறைக்கு வந்திருந்த ரஷ்யர்கள், கணக்கில் பணம் இருந்தும் ஹோட்டல் பில் கட்ட முடியாமல் தவித்தார்கள். நம் தவறு எதுவுமே இல்லாமல் ஒரு கார்டு ஒரே நாளில் பயனற்றுப் போகலாம்.

மகனையோ மகளையோ பார்க்க முதல் முறை வெளிநாடு போகும் அப்பா அம்மாக்களை நினைத்தே இதையெல்லாம் எழுதுகிறேன். பிள்ளை விமான நிலையத்துக்கு வந்துவிடுவான் என்று அவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் ஏறுகிறார்கள். இடையில் விமானம் தவறி ஓர் இரவு தங்க நேர்ந்தால் சாப்பாட்டுக்கே பிறர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பிள்ளைகளே, அவர்கள் இருவரிடமும் தனித்தனியாக ஒரு கார்டும், இரண்டு நாள் செலவுக்கு நோட்டும் இருக்கட்டும். பின் நம்பரை மனப்பாடம் செய்யவையுங்கள். உள்ளூர்ப் பணத்தைத்தான் அழுத்த வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக் காட்டிவிடுங்கள். இதற்காக ஓர் அரை மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: பயணம் முடிந்து மிஞ்சும் வெளிநாட்டுப் பணத்தை என்ன செய்வது?