இறந்துபோன பெற்றோரின் பணக் கணக்கில் கவுன்சில் குளறுபடியா? இங்கிலாந்தில் புகார் செய்வது எப்படி?

கேர் ஹோமில் இருந்த அம்மா காலமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கவுன்சிலிடமிருந்து கடிதம் வரும்: பராமரிப்புக் கட்டண பாக்கி இத்தனை ஆயிரம் பவுண்ட். எந்த மாதத்துக்கு, எந்தக் கணக்கில் என்ற விவரம் இருக்காது. வேறு சில குடும்பங்களில், அம்மாவின் பென்ஷனை கவுன்சிலே வாங்கி நிர்வகித்திருக்கும். மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. லண்டனில் வயதான பெற்றோரை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சிக்கல் வரலாம். அப்போ என்ன செய்யலாம்?

கவுன்சில் கைக்குப் பணம் எப்படிப் போகுது?

ஒருவரால் தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போய், பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லையென்றால் கவுன்சில் உள்ளே வரும். அரசு பென்ஷன், உதவித்தொகை மட்டும் என்றால் 'அப்பாயின்டி'. சேமிப்பு, வீடு எல்லாம் சேர்த்து என்றால் கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன் நீதிமன்றம் நியமிக்கும் 'டெபுடி'. அவர் இறந்ததுமே இந்த இரண்டு அதிகாரமும் முடிந்துவிடும். அதன்பிறகு உரிமை, உயில் இருந்தால் அதை நிறைவேற்றுபவருக்கு. உயில் இல்லையென்றால் சொத்து நிர்வாகியாக நியமிக்கப்படுபவருக்கு. மூத்த மகன் என்பதாலேயே யாருக்கும் இந்த உரிமை தானாக வந்துவிடாது. உரிய ஆவணத்தைக் காட்டினால்தான் கவுன்சில் பேசவே ஆரம்பிக்கும்.

பில் சரிதானா?

பெரும்பாலான தகராறு இங்கேதான். 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்போ சொத்தோ இருந்தால் கேர் ஹோம் செலவு முழுவதும் அவருடையது. 14,250-க்குக் கீழே இருக்கும் சேமிப்பைக் கணக்கில் எடுக்கவே கூடாது. நடுவில் இருந்தால், ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்ட் வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள்.

வீடு விஷயத்தில்தான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். கணவரோ மனைவியோ அந்த வீட்டில் தொடர்ந்து வசித்தால் வீட்டின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது. யாரும் இல்லாத வீடாக இருந்தாலும், நிரந்தரமாக கேர் ஹோமுக்குப் போன பிறகு முதல் 12 வாரத்துக்குப் பொதுவாகச் சேர்க்கக் கூடாது. அதேபோல 'டாப்-அப்' கட்டணம். கவுன்சில் தரும் தொகைக்குள் ஒரு இடமாவது காட்டியிருக்க வேண்டும். அதைத் தாண்டி குடும்பம் பணம் கட்டச் சம்மதித்திருந்தால் அது எழுத்தில் இருக்க வேண்டும். போனில் யாரோ 'சரி' என்றார்கள் என்பது போதாது. அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்க.

பில்லைக் கண்டுக்காமலும் விட்டுவிடாதீங்க. பராமரிப்புக் கடனுக்காக 6 ஆண்டு வரை கவுன்சில் வழக்குப் போடலாம். கடன் தீரும் முன்பே சொத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தால், நிறைவேற்றுபவரே சொந்தப் பணத்தில் கட்ட வேண்டி வரும். அதனால் பிரச்சினை முடியும்வரை அந்தத் தொகையைத் தனியே எடுத்துவைப்பது நல்லது.

புகார் எங்கே?

முதலில் கவுன்சிலுக்கே, எழுத்தில். வாரவாரியான கணக்கு, நிதி மதிப்பீட்டுப் படிவம், டெபுடியாக இருந்தபோது நடந்த வரவு செலவு மூன்றையும் கேளுங்க. 'டேட்டா புரொடெக்‌ஷன்' என்று சொல்லித் தட்டிக்கழித்தால், அந்தச் சட்டம் உயிருடன் இருப்பவர்களின் தகவலுக்குத்தான் என்று எழுதுங்க. ரகசியக் காப்பு என்று வேறு காரணம் சொல்லலாம். நிறைவேற்றுபவர் என்பதற்கான ஆவணம் இருந்தால் அதற்குப் பதில் சொல்வது எளிது.

பதில் திருப்தி இல்லையா? அல்லது சுமார் 12 வாரம் ஆகியும் பதிலே இல்லையா? உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் காலக்கெடு 12 மாதம். இறந்தவருக்கே பிரச்சினை தெரிந்திருந்தால் அவருக்குத் தெரிந்த நாளிலிருந்தே எண்ணுவார்கள். தெரியாமலே இறந்திருந்தால், உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் ஏற்கலாம், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள். கவுன்சில் டெபுடியாக இருந்தபோது நடந்த தவறு என்றால், டெபுடிகளைக் கண்காணிக்கும் பப்ளிக் கார்டியன் அலுவலகத்திடமும் சொல்லலாம்.

என்ன கிடைக்கும்?

கூடுதலாக வாங்கிய கட்டணம் இருந்தால், அதைச் சொத்துக்குத் திருப்பித் தரச் சொல்லலாம், பில்லைத் திருத்தச் சொல்லலாம். இந்தப் பரிந்துரையைச் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது என்றாலும் கவுன்சில்கள் பெரும்பாலும் ஏற்கின்றன. ஆனால் அம்மா பட்ட மன வேதனைக்கு இழப்பீடு என்று கேட்டால், அவர் இறந்த பிறகு பொதுவாகக் கிடைக்காது. கவுன்சிலின் தாமதத்தால் நீங்கள் அலைந்த அலைச்சலுக்கு, உங்கள் பெயரில் சிறு தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. எனவே புகாரில் இரண்டையும் பிரித்தே எழுதுங்க: சொத்துக்கு வர வேண்டிய பணம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு என்ன.