பொம்மைகள் தரும் நகை

சிரிப்பு மக்கட்கு வாய்த்த அரிய செல்வமாகும். ஆயினும், எதனைக் கண்டு சிரிக்கின்றோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தொல்காப்பியர் எண்ணிப் பார்த்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என மெய்ப்பாட்டியலில் வகுத்தார். எள்ளலாவது இகழ்தல், இளமையாவது குழந்தைத் தன்மை, பேதைமையாவது அறியாமை, மடனாவது பிறர் கூறியதை ஆராயாது பற்றிக்கொண்டு விடாமை. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் நிகழும் தெருக்கூத்திலே கட்டியங்காரன் ஊராரைச் சிரிக்கவைப்பதும் இவற்றாலேயாம். கடல்கடந்த நாட்டுத் திரைப்படம் ஒன்றற்கும் இவ்விலக்கணம் பொருந்துதலைக் காண்போம்.

அப்படத்தின் பெயர் 'டாய் ஸ்டோரி'. பொம்மைக் கதை என்பது அதன் பொருள். அமெரிக்க நாட்டுப் பிக்சார் நிறுவனத்தார் உருவாக்க, ஜான் லாசெட்டர் இயக்கிய இப்படம் 1995-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முற்றிலும் கணிப்பொறி கொண்டே அமைக்கப்பெற்ற முதல் முழுநீளத் திரைப்படம் இதுவே. சிறிது சிறிதாக வேறுபடும் படங்களை நொடிக்கு 24 வீதம் காட்டினால், நம் கண் அவற்றை ஓர் இயக்கமாகவே கொள்ளும். எனவே, ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 படங்கள் வேண்டும். நம் சிரிப்பின் பின்னே எத்துணை உழைப்பு!

ஆண்டி என்னும் சிறுவனின் பொம்மைகள், மனிதர் காணாதபோது பேசும், நடக்கும். அவற்றுள் வுடி என்னும் மாட்டுக்காரப் பொம்மையே சிறுவனின் உயிர்த்தோழன். பிறந்தநாள் பரிசாக பஸ் என்னும் விண்வெளி வீரப் பொம்மை வருகின்றது. அது தன்னை மெய்யான வீரன் என்றே நம்புகின்றது. இது மடன். அதன் செருக்கை வுடி ஏளனம் செய்கின்றது. இஃது எள்ளல். உருவத்தால் கொடிய விலங்காயினும், சிறு பிள்ளைபோல் அஞ்சி நடுங்கும் ரெக்ஸிடம் இளமையைக் காண்கின்றோம். தம்மைத் தூக்கிச் செல்லும் இயந்திரக் கொக்கியையே தலைவனாகப் போற்றும் முக்கண் பொம்மைகளிடம் பேதைமையைக் காண்கின்றோம்.

பொறாமை மிகுந்த வுடி, பஸ்ஸை மறைவிடத்தில் வீழ்த்த முயல, அது சாளரத்தின் வழியே வெளியே விழுகின்றது. பின்னர் இரண்டும் பொம்மைகளை உடைத்து மகிழும் சிறுவன் ஒருவனிடம் சிக்குகின்றன. அங்கே தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றைக் கண்ட பஸ், தான் வெறும் பொம்மையே என்று அறிந்து உள்ளம் உடைகின்றது. பறக்க முயன்று விழுந்து கையையும் இழக்கின்றது. அதுவரை சிரித்த நாம் அப்போது சிரிப்பதில்லை, இரங்குகின்றோம். ஏளனம் செய்த வுடியே, ஒரு குழந்தையின் அன்புக்கு உரியதாதலே பெருமை என்று கூறி அதனைத் தேற்றுகின்றது. அச்சம் தரும் உருவமுடைய சிதைந்த பொம்மைகளே அதன் கையைப் பொருத்தித் தருகின்றன.

மாணவர்களே! ஒருவர் அறியாமை கண்டு நகை தோன்றுதல் இயல்பு. அவர் துன்புறும்போதும் சிரிப்பது கொடுமையன்றோ? வகுப்பில் ஒரு மாணவன் பிழைபட விடை கூறினால் நகை எழலாம். அவன் முகம் வாடக் கண்டபின் அந்நகை அடங்குதல் வேண்டும். இப்படத்தைப் பெற்றோருடனும் உடன்பிறந்தாருடனும் கண்டு மகிழுங்கள். எங்கே சிரித்தீர்கள் என்பதோடு, எங்கே சிரிப்பு நின்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.