பார்வையற்ற குழந்தைக்குத் திசை கற்பித்தல்

பார்வையற்ற ஒருவர் தாம் இருக்கும் இடத்தையும் போகும் திசையையும் பிற புலன்களால் உணர்ந்து தனியே நடக்கப் பழகுவது திசையறிவு, நடமாட்டப் பயிற்சி எனப்படும். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் 1944-இல் அமெரிக்காவில் வகுத்த நீண்ட கோல் முறை இதன் முக்கியத் தொடக்கம். ஆனால் கோல் காலடியில் உள்ள பள்ளத்தைக் காட்டுமே தவிர, வீடு எந்தப் பக்கம் என்று காட்டாது.

இடம், வலம் ஆகியவை குழந்தையின் உடலோடு சேர்ந்து திரும்புபவை. போகும்போது வலப்பக்கம் இருந்த கோயில், வரும்போது இடப்பக்கம் இருக்கும். இதனால் ஒரே கோயிலை இரண்டாக நினைத்துக் குழம்பும் குழந்தைகள் உண்டு. தெருவின் வடபுறம் கோயில் என்று அறிந்த குழந்தைக்கு இக்குழப்பம் இல்லை. திசைகள் திரும்புவதில்லை.

மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரையில் திண்டுக்கல் சாலையை ஒட்டியுள்ள விளாங்குடியில் ஒரு குழந்தை வளர்வதாகக் கொள்வோம். காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் நிறுத்தி, இரு கன்னத்திலும் வெயில் ஒரே அளவாகப் படும்வரை மெல்லத் திரும்பச் சொல்ல வேண்டும். எதிரே கிழக்கு, முதுகுப்பக்கம் மேற்கு, இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு. மார்கழியில் சூரியன் தென்கிழக்கே தள்ளி உதிப்பதால், அறிந்த திசையை வீட்டுச் சுவர் ஒன்றோடு பொருத்திவிடுவது நல்லது. அச்சுவரில் முதுகு ஒட்ட நின்று கால்வட்டம், அரைவட்டம் திரும்பப் பழகலாம். நடுப்பகல் வெயிலை நம்பக் கூடாது. மதுரையில் அது தையில் தெற்கே சாயும், ஆனியில் சற்று வடக்கே சாயும், சித்திரைத் தொடக்கத்தில் உச்சந்தலைக்கு வந்துவிடும்.

பிறகு வீட்டுப் பேச்சிலேயே திசை வர வேண்டும். "அங்கே இருக்கு" என்று கைகாட்டுவதால் பயனில்லை. "தண்ணீர்க்குடம் அடுப்புக்கு மேற்கே இருக்கு" என்று சொல்லலாம். நம் பாட்டிமார் இயல்பாகவே இப்படிப் பேசியவர்கள்தாம்.

தெருவில் மாறாத அடையாளத்தையும் வந்துபோகும் குறிப்பையும் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். வேகத்தடை, மின்கம்பம், கோயில் படி ஆகியவை மாறாதவை. மாவு மில் ஓசை, டீக்கடை மணம், கூடல் நகர் பக்கம் கேட்கும் ரயில் சத்தம் ஆகியவை சில நேரம் மட்டுமே உதவும். கடை பூட்டிய நாளில் மணத்தை நம்பிப் போன குழந்தை அடுத்த தெருவில் நிற்கும்.

அட்டையில் நூலை ஒட்டித் தெருப்படம் செய்தால் விரலால் தடவிப் படிக்கலாம். முதற்படத்துக்கு மதுரை நகரமே ஏற்றது: நடுவில் மீனாட்சியம்மன் கோயில், சுற்றிலும் சதுரமாகக் கீழ, மேல, வடக்கு, தெற்கு மாசி வீதிகள். தெருப்பெயரிலேயே திசை இருக்கிறது. படத்தின் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றாக இருக்கும்படி அட்டையை வைத்தே தொடங்க வேண்டும்.

வழி தவறினால் ஓடாமல் நின்று கேட்கவும் பழக்க வேண்டும். திண்டுக்கல் சாலையின் இரைச்சல் எந்தப் பக்கம்? வீட்டிலிருந்து அச்சாலை எந்தத் திசையில் உள்ளது? இவ்விரண்டும் தெரிந்தால் குழந்தை தானே திரும்பி நடக்கும். அச்சாலையைக் கடப்பது மட்டும் வேறு பாடம். அதைப் பயிற்சி பெற்ற ஆசிரியர் உடனிருந்தே கற்றுத்தர வேண்டும். அதுவரை பெரியவர் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்காமல், குழந்தை பெரியவரின் மணிக்கட்டையோ முழங்கைக்கு மேலேயோ பிடித்து, அரை அடி பின்னால் நடக்கட்டும்.