பேரேடு யார் வசம் இருக்க வேண்டும்?

வணிகப் பெருமக்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் கடைப் பேரேட்டை உங்களைக் கேட்காமலே ஒருவர் எடுத்துப்போய், எங்கோ ஒரு கிடங்கில் வைத்துக்கொண்டு, "வேண்டும்போது வந்து பாருங்கள். இடம் போதாவிட்டால் மாத வாடகை கட்டுங்கள்" என்றால் சம்மதிப்பீர்களா? மாட்டீர்கள். ஆனால் கணினியில் கணக்கு வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இன்று ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் மாரண்டஹள்ளி கடைவீதி போன்ற இடங்களிலும் விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினிகள் வருகின்றன. அதைத் தொடங்கும்போது மைக்ரோசாப்ட் கணக்கு கேட்கும். கொடுத்தவுடன் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள கோப்புகள் 'ஒன்டிரைவ்' என்னும் இணையக் கிடங்கோடு இணைக்கப்படலாம். கேட்காமலே இது நடக்கிறது என்று 2024-லேயே பலர் புகார் செய்தார்கள். வேர்டு மென்பொருளும் புதுக் கடிதங்களை முதலில் இணையத்திலேயே சேமிக்கும்படி மாற்றப்படும் என்று 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது.

இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. பில்களின் படங்களும் பழைய கணக்குகளும் சேர்ந்தால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். பிறகு பணம் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். வேண்டாம் என்று இணைப்பை நிறுத்தினால், பல கணினிகளில் டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடக்கும். கோப்புகள் ஒன்டிரைவ் அடைவுக்குள் போயிருக்கும். விவரம் தெரியாதவர் கணக்கே போயிற்று என்று பதறுவார். "இடம் காலி செய்யலாம்" என்று இணையத்தில் அழித்தால், கணினியில் உள்ளதும் சேர்ந்து அழியும்.

பெரியவர்களுக்கே வந்த சோதனை

பெட்ரோல் பங்க்குகள் மூலம் நாம் அறிந்த நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷ்ய நிறுவனம் ஒன்றுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்தியது. பணம் கட்டி உரிமம் வாங்கியிருந்தும் தங்கள் தகவலையே தாங்கள் பார்க்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. பெரிய நிறுவனத்துக்கு வக்கீல் உண்டு. நமக்கு?

தென்கொரியாவில் அரசு ஊழியர்கள் கோப்புகளை அலுவலகக் கணினியில் வைக்காமல் அரசின் இணையக் கிடங்கிலேயே வைக்கும்படி சொல்லப்பட்டிருந்தது. 2025 செப்டம்பர் 26-ம் தேதி டேஜான் நகரத் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. 858 டெராபைட் தகவல் எரிந்து போனது. வேறு பிரதி இல்லை.

சட்டம் நம்மைத்தான் கேட்கும்

ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ம் பிரிவுப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். மின்னணுக் கணக்குக்குத் தக்க மறுபிரதி வைக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. "கோப்பு இணையத்தில் மாட்டிக்கொண்டது" என்றால் அதிகாரி ஏற்கமாட்டார். கடன் வாங்கிய வாடிக்கையாளரிடம் பாக்கியைக் கேட்கவும் நம் கையில் கணக்கு வேண்டும்.

இணையக் கிடங்கே கூடாது என்பதல்ல நம் வாதம். கடையில் தீப்பிடித்தாலோ கணினி திருடுபோனாலோ வெளியே உள்ள பிரதிதான் காப்பாற்றும். ஆனால் அது இரண்டாவது பிரதியாக, நாம் விரும்பி வைத்ததாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. இணைப்பை நிறுத்துமுன் எல்லாக் கோப்புகளையும் பென்டிரைவில் நகல் எடுங்கள்.

2. திரையின் கீழ்மூலையில் உள்ள மேகச் சின்னத்தை அழுத்தி, செட்டிங்ஸில் 'மேனேஜ் பேக்கப்' பகுதிக்குப் போய், வேண்டாத அடைவுகளை நிறுத்துங்கள். பிறகு கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

3. வேர்டு, எக்ஸெலில் ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் கணினியிலேயே சேமிக்கும்படி குறியிடுங்கள்.

4. கணக்கு மென்பொருளின் கோப்புகளை ஒன்டிரைவ் அடைவுக்குள் வைக்காதீர்கள். எழுதும்போதே நகலும் ஓடினால் கோப்பு கெடக்கூடும்.

5. வாரம் ஒருமுறை கடை அடைக்கும் முன் வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பக்கூடாது.

கல்லாப்பெட்டிச் சாவியை நாம் யாரிடமும் கொடுப்பதில்லை. கணக்குக்கும் அதே வழக்கம் இருக்கட்டும். இன்று இரவு கடையைச் சாத்துமுன், உங்கள் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.